ஒரு கொலையும் ஒரு நிலப் பத்திரமும்

(பழைய மாணவர் சங்கத்தின் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செம்பட்டியிலிருந்து நான் ஒருவன்தான் பேச்சாளர் பட்டியலில் இருக்கிறேன் என்று செயலாளர் சொன்னார். "என்ன பங்காளி, பத்திர ஆபீஸ்ல முப்பது வருஷம் இருந்த ஆளு, மேடையில என்னத்தப் பேசப் போற? முத்திரைத் தாள் விலையைச் சொல்லப் போறியா?" என்று பக்கத்திலேயே கேலி கிளம்பியது. கேலி செய்தவர்கள் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும். இன்றைக்கு நான் பேசப் போவது ஒரு கொலை வழக்கு. அதுவும் ஆயிரம் வருஷத்துக்கு முந்திய வழக்கு. ஆனால் அந்த வழக்கின் சாவி ஒரு பத்திரத்துக்குள்தான் இருக்கிறது. அதனால் இதைப் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

எடுத்துக்கொண்ட நூல் கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950 அக்டோபர் கடைசியில் 'கல்கி' வார இதழில் தொடங்கி, 1954 வரை மூன்றரை ஆண்டுகள் ஓடிய தொடர்கதை. நம்மில் பல பேர் அதை ஓவியர் மணியம் வரைந்த ஓவியங்களோடு, அத்தை வீட்டிலும் பெரியம்மா வீட்டிலும் தைத்து வைத்திருந்த பைண்டு புத்தகமாகப் படித்தவர்கள். நம் பிள்ளைகள் 2022லும் 2023லும் இரண்டு பாகமாக வந்த சினிமாவில் பார்த்தவர்கள். இரு தரப்புக்கும் பொதுவான கேள்வி ஒன்றுதான்: ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

இந்த நாவலைக் காதல் கதை என்பார்கள், வீரக் கதை என்பார்கள். என் கணக்கில் அது ஒரு துப்பறியும் கதை. ஒரு யுத்தம் முடிந்த பிறகு மிச்சம் இருக்கும் ரகசியங்களும், ஒரு நண்பனின் சாவும்தான் அதன் உயிர். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் யுத்தத்தைப் பார்ப்போம். 949ஆம் ஆண்டு தக்கோலத்தில் சோழர் படையும் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையும் மோதின. பராந்தக சோழனின் மூத்த மகன் இராஜாதித்தன் யானை மீதிருந்தபடியே மாண்டான். அந்த ஒரு தோல்வியில் சோழநாடு சுருங்கிப் போயிற்று. தொண்டை மண்டலம் கைவிட்டுப் போனது. தெற்கே நம் பாண்டிய நாட்டில் வீரபாண்டியன் தலைதூக்கினான். 'சோழன் தலைகொண்ட' என்று தன் பெயருக்கு முன்னால் பட்டம் போட்டுக்கொண்டான். பிறகு சுந்தர சோழன் காலத்தில் சேவூரில் போர் நடந்தது. அதில் இளவரசன் ஆதித்த கரிகாலன் சின்ன வயசிலேயே பெரும் வீரம் காட்டினான் என்று ஆனைமங்கலச் செப்பேடு புகழ்கிறது. வீரபாண்டியனின் தலையைக் கொண்டவன் என்பதால் கரிகாலனுக்குப் 'பாண்டியன் தலைகொண்ட' என்ற பட்டம் வந்தது. பாருங்கள், ஒருவன் சோழன் தலைகொண்டவன், இன்னொருவன் பாண்டியன் தலைகொண்டவன். தலைக்குத் தலை என்று கணக்குத் தீர்க்கிற காலம்.

கல்கி என்ன செய்தார்? போர்க்களத்தைக் கதையின் நடுவில் வைக்கவில்லை. போர் முடிந்து சில வருஷம் கழித்துக் கதையை ஆரம்பிக்கிறார். ஆடிப் பதினெட்டாம் பெருக்கு, வீரநாராயண ஏரி, ஒரு வாலிபன் குதிரையில் வருகிறான். ஊரே சித்திரான்னம் கட்டிக்கொண்டு கொண்டாடுகிறது. யுத்தத்தின் சுவடே தெரியவில்லை. ஆனால் கதை போகப் போக ஒவ்வொரு கதவாகத் திறக்கிறது. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் அந்தப் பழைய யுத்தம் உட்கார்ந்திருக்கிறது. அடிபட்டு ஒரு குடிசையில் கிடந்த வீரபாண்டியன், அவன் உயிருக்காகக் கெஞ்சிய நந்தினி, கேட்காமல் வெட்டிய கரிகாலன், பள்ளிப்படைக் காட்டில் பழிக்குப் பழி என்று சபதம் செய்யும் ரவிதாசன் கூட்டம். போரில் ஜெயித்தவனுக்கே நிம்மதி இல்லை. கரிகாலன் காஞ்சியில் பொன்மாளிகை கட்டிக்கொண்டு தூக்கம் இல்லாமல் கிடக்கிறான். ஒரு யுத்தம் முரசு கொட்டி ஆரம்பிக்கிறது, ஆனால் முடிவதற்கு முரசு கிடையாது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு தொடர்கதையில் சொல்லிவிட முடியாது.

கல்கி இதை எழுதிய காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஐந்தே வருஷம் ஆகியிருந்தது. மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போனவர்கள் நம் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். திரும்பி வந்தவர்கள் சிலர், வராதவர்கள் பலர். வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பர்மா தேக்கைப் பற்றிப் பேசுவார்கள், பினாங்குத் துறைமுகத்தைப் பற்றிப் பேசுவார்கள். கூடப் போனவன் என்ன ஆனான் என்று கேட்டால் மட்டும் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொள்வார்கள். அப்படிப்பட்ட வீடுகளில்தான் வாரா வாரம் இந்தத் தொடர்கதையை ஒருத்தர் வாசிக்க, நாலு பேர் கேட்டார்கள். சோழர் காலத்துக் கதை என்றாலும் சொல்லாமல் மறைத்த சாவு என்பது அவர்களுக்குப் புதிய விஷயம் இல்லை.

அடுத்தது நண்பனின் சாவு. வந்தியத்தேவன் யார்? கரிகாலனின் தோழன், அவனுடைய ஓலையைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்கும் பழையாறைக்கும் போகிறவன். கரிகாலனைக் காப்பாற்ற வேண்டும் என்று குந்தவை அவனிடம்தான் பொறுப்பைக் கொடுக்கிறாள். அவனும் கடம்பூர் மாளிகைக்குப் போய், அதே அறையில் ஒளிந்துகொண்டு காவல் இருக்கிறான். ஆனால் விளக்கு அணைந்த நேரத்தில் கொலை நடந்துவிடுகிறது. நண்பனின் உடல் பக்கத்தில் இவன் அகப்படுகிறான். காப்பாற்றப் போனவனே கொலைகாரன் என்று தஞ்சைப் பாதாளச் சிறையில் கிடக்கிறான்.

இதில் கல்கி ஒரு வேலை செய்திருக்கிறார். வழக்கமான துப்பறியும் கதையில் எல்லோரும் "நான் இல்லை, நான் இல்லை" என்பார்கள். கடைசியில் ஒருவன் அகப்படுவான். இங்கே தலைகீழ். "நான்தான் கொன்றேன்" என்று மணிமேகலை சொல்கிறாள். "என் கையால் நடந்தது" என்று பெரிய பழுவேட்டரையர் பழியை ஏற்றுக்கொண்டு உயிரையே விடுகிறார். நந்தினியின் கையில் வாள் இருந்தது. ரவிதாசன் கூட்டம் நிழலில் நின்றது. கரிகாலனே சாவைத் தேடிக்கொண்டுதான் வந்தான். ஒரு கத்திக்கு இத்தனை கைகள். கடைசிவரை ஒரே ஆளைக் காட்டி "இவன்தான்" என்று கல்கி முத்திரை குத்தவில்லை. வாசகர்கள் எத்தனையோ கேள்வி கேட்டார்கள். முடிவுரையில் பலவற்றுக்குப் பதில் எழுதினார். இந்த முடிச்சை மட்டும் முழுசாக அவிழ்க்கவில்லை.

ஏன் அவிழ்க்கவில்லை? சாமர்த்தியம் போதாதா? அந்தப் பேனாவுக்கா! அவிழ்க்கும் அளவுக்குச் சரித்திரம் இடம் கொடுக்கவில்லை என்பதுதான் காரணம். அந்தச் சரித்திரம் எங்கே இருக்கிறது என்பதுதான் என் பேச்சின் இரண்டாம் பாதி. பிள்ளைகள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கடலூர் மாவட்டம், காட்டுமன்னார்கோயில். வீராணம் ஏரிக்குப் பக்கம். அந்த ஊரை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் ஒரு கல்வெட்டு. 1920இல் கல்வெட்டுத் துறையினர் அதை மைப்படி எடுத்தார்கள். இராஜராஜ சோழனின் இரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது சுமார் 987ஐச் சேர்ந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் கணித்திருக்கிறார்கள். அதில்தான் பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று பெயர் சொல்லிக் குறித்திருக்கிறது. சோமன், ரவிதாசன் என்னும் பஞ்சவன் பிரமாதிராயன், பரமேசுவரன் என்னும் இருமுடிச்சோழ பிரமாதிராயன் என்று பெயர்கள் வருகின்றன. ரவிதாசனைக் கல்கி கற்பனை செய்யவில்லை. கல்லிலிருந்துதான் எடுத்தார்.

நான் முதன்முதலில் இந்தக் கல்வெட்டின் வாசகத்தை அச்சில் பார்த்தபோது, கொலை வழக்குத் தீர்ப்பு ஒன்றைப் படிக்கப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். நாலு வரி போனதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, இது நம்ம ஆபீஸ் சரக்கு!" ஆமாம் ஐயா. அது தீர்ப்பு கிடையாது. அது ஒரு கிரயமும் தர்மமும் கலந்த நிலப் பத்திரம்.

விளக்குகிறேன். ஒருவர் நிலம் விற்க வந்தால் நாங்கள் முதலில் கேட்பது என்ன? "உங்களுக்கு இது எப்படிப் பாத்தியம்?" தகப்பனார் வழியா, கிரயம் பெற்றதா, பாகப்பிரிவினையில் வந்ததா? மூலப் பத்திரம் எங்கே? வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா? பாத்தியம் வந்த வழியைச் சொல்லாமல் எந்தப் பத்திரமும் நிற்காது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் வருவதற்கு ஆயிரம் வருஷம் முன்னாலேயே நம் ஊர்ச் சபைகளுக்கு இது தெரிந்திருக்கிறது.

உடையார்குடிக் கல்வெட்டில் நடப்பது இதுதான். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துப் பெருங்குறிச் சபையாருக்கு அரசனின் திருமுகம் வருகிறது. துரோகிகளான இன்னின்னாருடைய உடைமைகளையும் அவர்களுடைய உறவினர் உடைமைகளையும் அரசு எடுத்துக்கொள்கிறது, அவற்றை விற்றுத் தரவேண்டும் என்பது உத்தரவு. மேற்பார்க்க இரண்டு பேர் நியமிக்கப்படுகிறார்கள். அப்படி வந்த நிலத்தை ஒருவர் பொன் கொடுத்து வாங்கி, கோயிலில் தர்மம் செய்ய வைக்கிறார். நாளைக்கு யாராவது வந்து "இந்த நிலம் எங்கள் பாட்டன் நிலமாச்சே" என்று கேட்டால் என்ன பதில்? அதற்காகப் பாத்தியம் வந்த வழியை எழுதி வைக்கிறார்கள். அந்த வழியைச் சொல்லும்போது, போகிற போக்கில், ஆயிரம் வருஷ ரகசியம் வெளியே வந்துவிடுகிறது.

அரண்மனை சார்பில் எழுதப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேட்டைப் பாருங்கள். அதில் கரிகாலனின் முடிவு என்ன? சொர்க்கத்தைப் பார்க்க ஆசைப்பட்டுப் போனான் என்ற பொருளில் அழகான வடமொழிக் கவிதை. கொலை என்ற பேச்சே இல்லை. அரச குடும்பத்துச் செப்பேடு நாசூக்காக மறைத்ததை, ஒரு நிலக் கிரயம் பளிச்சென்று சொல்லிவிட்டது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நான் பார்த்த பத்திரங்களில் எத்தனையோ "குடும்ப அவசியச் செலவை முன்னிட்டு" என்று ஒரே வரியில் முடிந்திருக்கின்றன. அந்த அவசியம் மகளின் கல்யாணமாக இருக்கும், மகனின் ஜாமீனாக இருக்கும், கணவனின் ஆஸ்பத்திரிச் செலவாக இருக்கும். சில சமயம் மட்டும் பாத்தியத்தை நிரூபிக்க வேறு வழியில்லாமல் உண்மையை எழுதியாக வேண்டும். அப்போது குடும்பத்துப் பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டு, "எழுதுங்க சார், எழுதித்தானே ஆகணும்" என்பார்கள். உடையார்குடிக் கல்லிலும் அந்தக் குரல்தான் எனக்குக் கேட்கிறது.

இப்போது அறிஞர்களின் வாதத்துக்கு வருவோம். பேராசிரியர் கே.ஏ.நீலகண்ட சாஸ்திரியார் 1935இலும் 1937இலும் இரண்டு பகுதிகளாக வந்த தம் சோழர் வரலாற்றில் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். கரிகாலன் இறந்தான். தம்பி அருள்மொழி பட்டத்துக்கு வரவில்லை. சித்தப்பா முறையான உத்தம சோழன் வந்தான், 985 வரை ஆண்டான். கொலைக்கும் இந்தக் கல்வெட்டுக்கும் இடையில் ஏறத்தாழ 16 வருஷம். உத்தம சோழன் காலம் முழுக்கத் துரோகிகள் மீது நடவடிக்கை இல்லை, இராஜராஜன் வந்த இரண்டாம் வருஷமே நடவடிக்கை வருகிறது என்றால், உத்தம சோழனுக்கும் கொலையில் பங்கு உண்டு என்பது அவர் ஊகம்.

தி.வை.சதாசிவ பண்டாரத்தார் 1949இல் வெளிவந்த 'பிற்காலச் சோழர் சரித்திரம்' முதல் பகுதியில் இதை மறுத்தார். உத்தம சோழன் உண்மையிலேயே கொலைக்கு உடந்தை என்றால் இராஜராஜன் அந்தக் குடும்பத்தோடு அப்படி உறவாடியிருப்பானா? உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராஜராஜன் ஆட்சியில் கோயில் காரியங்களைக் கண்காணிக்கும் பெரிய பதவியில் இருந்தான். உத்தம சோழனின் தாயார் செம்பியன் மாதேவியார் கடைசிவரை மரியாதையோடு கோயில் திருப்பணி செய்தார். இராஜராஜன் தன் மகனுக்கே மதுராந்தகன் என்றுதான் பெயர் வைத்தான். பிற்பாடு இராஜேந்திரன் என்று உலகம் அறிந்தது அவனைத்தான். அண்ணனைக் கொன்றவன் பெயர் மகனுக்கு விளங்குமா?

நான் சரித்திரப் பேராசிரியன் இல்லை. பத்திரம் பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஒரு பத்திரத்தின் தேதி அந்தக் கிரயத்தின் தேதி. அதில் சொல்லப்பட்ட சம்பவத்தின் தேதி வேறு. தாத்தா இறந்து இருபது வருஷம் கழித்துப் பேரன் பாகம் எழுதிக்கொள்கிறான். அதை வைத்துக்கொண்டு, இருபது வருஷமும் அந்த வீட்டில் யாருமே அழவில்லை என்று சொல்ல முடியுமா? உடையார்குடிக் கல்வெட்டில் கொலை நடந்த நாள் இல்லை, எந்த இடம் என்று இல்லை, குற்றவாளிகளை எப்போது பிடித்தார்கள் என்று இல்லை, உயிரோடு இருந்தார்களா என்றுகூட இல்லை. நிலம் எப்படி வந்தது என்பது மட்டும் இருக்கிறது. அதனால் உத்தம சோழன் சும்மா இருந்தான் என்பதை இந்தக் கல்லை மட்டும் வைத்து நிரூபிக்க முடியாது. அவன் குற்றமற்றவன் என்பதையும் இந்தக் கல்லை மட்டும் வைத்து நிரூபிக்க முடியாது.

பட்டப் பெயர்களும் அப்படித்தான். பிரமாதிராயன் என்பது உயர்ந்த பதவியில் இருந்த அந்தணர்களுக்கு அரசன் கொடுக்கும் பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன். ஆகவே பாண்டிய நாட்டுத் தொடர்பு, வீரபாண்டியனுக்காகப் பழி வாங்கினார்கள் என்று ஒரு கட்சி. அதைப் பிடித்துக்கொண்டுதான் கல்கி ஆபத்துதவிகளைக் கொண்டுவந்தார். ஆனால் கூடவே நிற்கிற இன்னொருவன் பட்டம் இருமுடிச்சோழ பிரமாதிராயன். அது சோழன் கொடுத்த பட்டமாயிற்றே! ஒரே கல்லில் ஒரு பாண்டியப் பட்டமும் ஒரு சோழப் பட்டமும். வெளியிலிருந்து வந்த பகையா, வீட்டுக்குள்ளேயே இருந்த பகையா? பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுத முடியாது.

நண்பர்களே, இதெல்லாம் வெறும் பழங்கதை இல்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதற்குத்தான் இவ்வளவு தூரம் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கல்வெட்டில் யார் யாருடைய சொத்து போயிற்று என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கொலை செய்தவர்கள் மட்டும் இல்லை. அவர்களுடைய தம்பிமார், மக்கள், மனைவிமார், பேரப்பன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், அவர்கள் உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், அவர்கள் பெற்ற பெண்களைக் கட்டியவர்கள். இத்தனை பேருடைய உடைமையும். பெண் எடுத்த குற்றத்துக்கு மாப்பிள்ளை வீட்டு நிலமும் போயிற்று. நிலம் போனவர்களில் ஒரு தாயின் பெயரும் வருகிறது: பெரிய நங்கைச் சாணி. சாணி என்பது அக்காலத்தில் அந்தணப் பெண்களைக் குறித்த மரியாதைச் சொல்.

யோசித்துப் பாருங்கள். அந்தம்மா கரிகாலனைப் பார்த்திருப்பாரா? வீரபாண்டியன் தலை போனதும் வந்ததும் அவருக்குத் தெரியுமா? மலையனூர்க்காரக் குடும்பம். மகன், பேரன், தான் என்று மூன்று தலைமுறையும் ஒரே வரியில் நிற்கிறது. மன்னர்கள் தலைக்குத் தலை கணக்குத் தீர்த்தார்கள். கடைசியில் அந்தக் கணக்கு ஒரு வயசான அம்மாவின் நிலத்தில் வந்து விழுந்தது. எந்தத் தொடர்கதையிலும் அவருக்கு ஓர் அத்தியாயம் இல்லை. சினிமாவில் அவருக்கு ஒரு காட்சி இல்லை. எனக்கு இந்தக் கொலை வழக்கில் மறக்க முடியாத பெயர் ரவிதாசன் இல்லை, இந்த அம்மாதான்.

ஆயிரம் வருஷம் ஆச்சு, இப்போது அப்படியா என்று கேட்பீர்கள். சட்டம் மாறிவிட்டது, சந்தோஷம். செய்த குற்றத்துக்குச் செய்தவன்தான் பொறுப்பு என்று இன்றைய சட்டம் சொல்கிறது. ஆனால் நம் ஊர்களில் வாய்ச்சொல் தீர்ப்பு மாறிவிட்டதா? "அந்த வீட்டிலயா பொண்ணு எடுக்கப் போறீங்க? அவங்க பெரியப்பன் கதை தெரியுமில்ல?" என்று டீக்கடையில் ஒருத்தர் சொன்னால் போதும், நல்ல சம்பந்தம் ஒன்று முறிந்துவிடும். பெரியப்பன் என்ன செய்தார், செய்தாரா இல்லையா, கோர்ட்டு என்ன சொன்னது, எதுவும் கேட்க மாட்டார்கள். கிராமத்து நினைவில் விடுதலை என்று ஒரு தீர்ப்பே கிடையாது. வெளியூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் கைபேசியில் ஒரு படத்தைப் பார்த்த மறு நிமிஷம் யார் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். உத்தம சோழன் கொலைகாரன் என்று ஒரு கூட்டம், இந்தச் சாதிதான் கொன்றது என்று இன்னொரு கூட்டம். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய நாலைந்து பேர் செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்தை இன்றைக்கு இருக்கிற ஒரு கூட்டத்தின் தலையில் கட்டுவது, பெரிய நங்கைச் சாணியின் நிலத்தைப் பிடுங்கிய அதே கணக்குத்தான். அதை நாம் இன்னொரு தடவை செய்ய வேண்டாம்.

கல்கி கையில் பேனா இருந்தது, வாரா வாரம் காத்திருக்கும் வாசகர் கூட்டம் இருந்தது. அவரே "இன்னார்தான்" என்று சாதிக்காமல் விட்டார். கதை எழுதியவருக்கு இருந்த அந்த நிதானம், கதை படித்தவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் வேண்டாமா?

அடுத்து ஒரு வேண்டுகோள். இது சங்கத்துக்கு.

உடையார்குடிக் கல்வெட்டு 1920இல் படியெடுக்கப்பட்டதால் பிழைத்தது. அதற்கு முன்னால் அந்தச் சுவரில் யாராவது சுண்ணாம்பை அப்பி, மேலே பெயின்ட் அடித்திருந்தால்? சாஸ்திரியாருக்கும் பண்டாரத்தாருக்கும் வாதமே இருந்திருக்காது. கல்கிக்கு ரவிதாசன் கிடைத்திருக்க மாட்டான்.

நம் மாவட்டத்திலேயே ஒரு உதாரணம் சொல்கிறேன். செம்பட்டியிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி போனால், அந்த வட்டாரத்தில் ஐவர்மலை இருக்கிறது. சமண முனிவர்கள் தங்கிய மலை. அங்கே ஒரு கல்வெட்டு: சாந்திவீரக்குரவர் என்ற சமணப் பெரியவர் பழைய திருவுருவங்களைப் புதுப்பித்து, 505 காணம் பொன் வைத்த செய்தி. அதுவும் ஒரு தர்மக் கணக்குத்தான். ஆனால் எழுதியவர் ஒரு காரியம் செய்தார். சக ஆண்டு 792 என்றும், வரகுண பாண்டியனின் 8ஆம் ஆட்சியாண்டு என்றும் இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டார். சக 792 என்றால் கி.பி. 870. எட்டைக் கழித்தால் வரகுணன் பட்டத்துக்கு வந்தது 862. பாண்டியர் வரலாற்றில் ஆண்டுக் கணக்கு ஆடிக்கொண்டிருந்த இடத்தில் ஓர் ஆணி அடித்தது போல் அந்த ஒரு வரி நிற்கிறது. பெரிய அரண்மனை எழுதிக் கொடுக்கவில்லை. நம் பக்கத்து மலையில் ஒரு துறவி எழுதி வைத்தது.

இப்போது ஊர் ஊராகக் கும்பாபிஷேகம் நடக்கிறது. நல்ல காரியம். வெளியூரில் சம்பாதிக்கும் நீங்கள் தாராளமாக நன்கொடை கொடுக்கிறீர்கள், அதுவும் நல்ல காரியம். ஆனால் திருப்பணி என்று வந்ததும் பழைய சுவரில் எழுத்து இருக்கிறதா என்று பார்க்காமல் டைல்ஸ் ஒட்டுகிறார்கள், மணல் வீசிக் கல்லைத் தேய்க்கிறார்கள், படிக்கட்டுக்குப் பழைய கல்லைக் கவிழ்த்துப் போடுகிறார்கள். ரசீதில் நம் பேர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஆயிரம் வருஷத்துக்கு முன் நன்கொடை கொடுத்தவனின் ரசீது அந்தச் சுவரில் இருக்கிறதே, அதை யார் பார்ப்பது?

அதனால் நம் சங்கம் ஒரு சின்ன வேலையைக் கையில் எடுக்கலாம். ஆத்தூர், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, சின்னாளபட்டி என்று அவரவர் ஊரில் பழைய கோயில், மண்டபம், மடை, நடுகல் எதில் எழுத்து இருந்தாலும், தொடாமல், தேய்க்காமல், எண்ணெய் பூசாமல் காலை வெயில் சாய்ந்து விழும்போது ஒரு படம் எடுங்கள். எந்த ஊர், எந்தச் சுவர், எந்தத் திசை என்று எழுதி வையுங்கள். தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள். திருப்பணிக்கு நன்கொடை கேட்டு வந்தால், "எழுத்து உள்ள கல்லைத் தொடக்கூடாது" என்ற ஒரு நிபந்தனையோடு கொடுங்கள். நம்மில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், இன்ஜினீயர்கள் இருக்கிறார்கள், ஊராட்சித் தலைவராக இருந்தவர்கள் இருக்கிறார்கள். யாரும் பெரிய செலவு செய்ய வேண்டியதில்லை.

வத்தலக்குண்டு நம் பக்கத்து ஊர். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர்.ராஜமய்யர் பிறந்த ஊர். சி.சு.செல்லப்பாவின் ஊர். அப்படி எழுதியவர்களைப் பெற்ற மண்ணில், எழுதப்பட்டதைக் காப்பாற்றுவதாவது நம் கடமை இல்லையா?

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 'பொன்னியின் செல்வன்' படியுங்கள். ஐந்து பாகத்தையும் படியுங்கள், படம் பார்த்தாச்சு என்று விட்டுவிடாதீர்கள். படித்து முடித்ததும் உடையார்குடிக் கல்வெட்டின் வாசகத்தையும் தேடிப் படியுங்கள். கதை எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுப் பாருங்கள். வந்தியத்தேவனும் நிஜம்தான். குந்தவை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. ஆனால் கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைந்தபோது அவன் அந்த அறையில் இருந்தான் என்பது கல்கி சொன்னது. இரண்டையும் அதது இருக்கும் இடத்தில் வைத்து ரசிக்கத் தெரிந்துவிட்டால், நீங்கள் சரித்திரமும் படித்தவர்கள், இலக்கியமும் படித்தவர்கள். நாளைக்கு உங்கள் ஊரில் யாரைப் பற்றியாவது ஒருத்தர் கதை சொன்னால், "இதற்கு மூலப் பத்திரம் எங்கே?" என்று கேட்கும் பழக்கமும் வந்துவிடும்.

சமையல்காரர் அந்தப் பக்கம் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். திண்டுக்கல்லில் வந்து பிரியாணியைக் காக்க வைத்தான் என்ற குற்றத்துக்கு நான் ஆளாக விரும்பவில்லை. அந்த வழக்கில் சாட்சிகள் நிறைய!